ஆடியில் ஒரு கெட்டிமேளம்

மஞ்சள் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மேலே எழுகிறது, இடது கை, அதில் ஒரு குச்சி, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, ஒரு கணம் காற்றில் நின்று எதையோ யோசிப்பதுபோல் இருந்துவிட்டு இறங்கித் தூணுக்குள் போய்விடுகிறது, சத்தம் மட்டும் வெளியே வருகிறது, தூணில் சிவப்பு எழுத்தில் வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கிறது, திரையின் நடுவில் அதுதான், அதற்கு ஒரு பக்கம் பெர்னார்ட் முடி முகத்தில் விழக் கத்திக்கொண்டிருக்கிறான், இன்னொரு பக்கம் பேஸ் கிதார் வாசிக்கும் இளஞ்சேரன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், நடுவில் தூண், தூணுக்குப் பின்னால் என் மனைவி. தில்லைநாயகி என்று பெயர். தில்லை என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். போன வருடம் சித்திரையில் இறந்துபோனாள், நான் இந்தப் படத்துக்கு வந்தது அவள் திரும்புவதைப் பார்க்கத்தான்.

வடபழனியில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை, ஏசி அதிகம், சிவப்பு நாற்காலிகளில் ஆங்காங்கே சிலர், எல்லாருக்கும் தொப்பை போட்டிருக்கிறது, பெர்னார்டுக்கு முடியே இல்லை, ஒரு காலத்தில் இவர்கள் எல்லாரும் தொட்டி என்று பெயர் வைத்த ஓர் அடித்தளத்தில் ராக் பாட்டுக்கு வியர்த்துக் குதித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு காபிக் கோப்பையோடு உட்கார்ந்து தங்களையே பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். இந்த டாக்குமென்டரியின் பெயரும் தொட்டிதான். எடுத்தவள் நிலோஃபர், தொட்டி மூடியபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள், அண்ணா அந்த இடத்தப் பத்திப் பேசாத ஆளே இல்ல, ஆனா உள்ள போனேன்னு சொல்றவங்களக் கணக்குப் பண்ணினா அந்த பேஸ்மென்ட் நேரு ஸ்டேடியம் சைஸ்ல இருந்திருக்கணும் என்று முதல் நாளே சிரித்தாள், எனக்கு அவளைப் பிடித்துப்போனது, சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் வருவதில்லை. அழுதுடுப்பா, உள்ளேயே வச்சுக்காத என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது உள்ளே கையை விட்டுப் பார்க்கிறேன், ஏதும் தட்டுப்படுவதில்லை. அவள் முகமும்கூட. சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிறாளே, ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்தது, அது மற்ற முகங்களை எல்லாம் தின்றுவிட்டது, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவளின் முகத்தை நினைக்கப் போனால் அடையாள அட்டைதான் வந்து நிற்கிறது. அதனால்தான் வந்தேன். படத்தில் எங்காவது ஒரு நொடி அவள் அசைந்தால் போதும் என்று.

தொட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் அடியில் இருந்தது. புரசைவாக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு, மேலே மாடியில் மண்டபம், நடுவில் சாப்பாட்டுக் கூடம், அடியில் வண்டி நிறுத்தும் இடம், அதன் ஓரத்தில் தரைக்குள் பெரிய தண்ணீர்த் தொட்டி, தொட்டியை மூடிய கான்கிரீட் பலகை தரையிலிருந்து ஒரு முழம் உயரம், அதுதான் எங்கள் மேடை. கல்யாணம் இல்லாத நாளில் அங்கே வண்டிகள் இருக்காது, அடுக்கிவைத்த நாற்காலிகளும் கவிழ்த்துவைத்த அண்டாக்களும் சுருட்டிய ஜமக்காளங்களும்தான், ஜமக்காளங்களைச் சுவரோரம் தொங்கவிட்டால் சத்தம் தெருவுக்குப் போகாது. மண்டபத்து மேனேஜர் ஏகாம்பரம், முதலாளிக்குத் தெரியாமல் எங்களை உள்ளே விட்டவர், ஒரே ஒரு கண்டிஷன் போட்டார், முகூர்த்த நாள்ல இந்தப் பக்கம் தல காட்டினீங்க, கால ஒடச்சுருவேன். அதனால் சென்னையில் ராக் பாடிய பையன்கள் எல்லாரும் பஞ்சாங்கம் படித்தார்கள். அஷ்டமி, நவமி, கரிநாள், ஆடி மாதம் முழுக்க, மார்கழி முழுக்க, ஊருக்கெல்லாம் ஆகாத நாளெல்லாம் எங்களுக்கு ஆகும். பெர்னார்ட் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர் தொங்கும், அவன் அம்மா, ஏண்டா நீ மதம் மாறப்போறியா என்று கேட்பாள், இல்ல மம்மி, நாளைக்கு நவமி, ஷோ இருக்கு என்பான். அவன் குழுவுக்குப் பெயரே கரிநாள்தான். மத்தியானம் மூன்று மணிக்குப் பின்சந்து ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், மறுபடி இறக்கிவிட்டால் அப்புறம் வெளியே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அதுதான் பின்னால் வினையாகப் போனது.

நான் பாடுகிறவனில்லை, வாசிக்கிறவனுமில்லை, மிக்சருக்குப் பின்னால் நிற்கிறவன். கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ், தொட்டியில் வயர். ஒரு முகூர்த்த நாளன்று, ஏகாம்பரத்துக்குத் தெரியாமல், விட்டுப்போன கேபிளை எடுக்க இறங்கினேன், வேன்களுக்கு நடுவில் தார்ப்பாய் மூடிய டிரம்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பாவாடை தாவணியில் ஒரு பெண் நிற்கிறாள், விரலால் ஸ்நேர் டிரம்மை ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறாள், என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை, இத யாரு வாசிக்கிறது என்று கேட்டாள். நாங்கள் டிரம்ஸ் அடிக்கிறது என்போம், அவள்தான் முதலில் வாசிக்கிறது என்றவள். யாரும் சரியா வாசிக்கிறதில்ல என்றேன். தெரியுது, தோலு ஒரு பக்கம் இழுத்துக் கெடக்கு, இன்னொரு பக்கம் தொங்குது என்றாள், பிறகு மேலேயிருந்து தவில் சத்தம் இறங்கி வர, ஐயோ அப்பா கூட்டைக் கேட்பாரு என்று வேனுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள், தவில்காரர்கள் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்கிற கூடு அந்தப் பையில் இருந்திருக்கிறது. மேலே வாசித்தவர் அவள் அப்பா, சட்டநாதன், சீர்காழிப் பக்கத்துக்காரர், அந்த மண்டபத்தில் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் தவில்.

அடுத்த அஷ்டமிக்கு அவள் வந்தாள். எப்படி வந்தாள், வீட்டில் என்ன பொய் சொன்னாள், எல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டது, டைப்ரைட்டிங் கிளாஸ். இதைச் சொல்லும்போது அவள் சமையலறை மேடையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறாள், இல்லை, அது ரொம்ப நாள் கழித்து, எங்கள் வீட்டில், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, மேடையில் உட்கார்ந்து ஆடுகிற கால்தான் தொட்டியில் கிக் டிரம்மை மிதிக்கத் தெரியாமல் தடுமாறுகிற கால். கைக்கு எல்லாம் தெரியும் அவளுக்கு, காலுக்குத்தான் ஒன்றும் தெரியாது, தவில்ல காலுக்கு வேலையே இல்லியே என்பாள். அவள் வீட்டில் காலையில் மாணவர்கள் உட்கார்ந்து தவிலின் தாளச் சொற்கட்டு சொல்வார்கள், இவள் சமையலறையில் இட்லிக் குண்டானில் அதையே வாசிப்பாள், ஒருநாள் அப்பா எழுந்து வந்து, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், தவிலத் தொடாதே என்றாராம். தொடவில்லை. தவிலைத் தவிர எல்லாவற்றையும் தொட்டாள். தவிலில் இடது கையில்தான் குச்சி என்பதால் டிரம்ஸையும் அவள் இடம் வலம் மாற்றி வைத்துக்கொண்டாள், கரிநாளின் பழைய டிரம்மர் இதைப் பார்த்துவிட்டு, இது என்னடா கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு என்று கிண்டலடித்தான், அவள் ஒரு பாட்டு வாசித்து முடித்ததும் குச்சிகளை அவள் பையில் போட்டுவிட்டுக் கேட்பவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டான்.

தூணை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். பெர்னார்டின் அக்கா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா, அதன் பேட்டரி செத்துப்போய் எப்போதும் வயரில்தான் ஓடும், அந்தச் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதனால் கேமரா எந்த ஷோவிலும் அதே இடத்தில்தான், அடுக்கிய நாற்காலிகளின் உச்சியில். அவள் அங்கே போய் நின்று கண்ணை ஒடுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள், டிரம்ஸை இழுத்து இழுத்துத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோனாள், நான் சொன்னேன், அங்க உக்காந்தா யாருக்கும் உன்னத் தெரியாது. அதான் வேணும், நாளைக்கு இந்தக் கேசட்ட எவனாவது கல்யாணக் கேசட்டுன்னு நெனச்சுப் போட்டு அப்பா பார்த்தாருன்னா. யாருமே பாக்கலன்னா எதுக்கு வாசிக்கிறே. அவள் மிக்சர் இருந்த மூலையைப் பார்த்தாள், அது தூணுக்குப் பக்கவாட்டில், அங்கிருந்து மட்டும் அவள் முழுசாகத் தெரிவாள். நீங்க பாக்குறீங்கல்ல, போதும் என்றாள். நான் பார்த்தேன். அத்தனை வருடத்தில் தொட்டிக்கு வந்த எல்லாரும் அவளைக் கேட்டார்கள், நான் ஒருத்தன்தான் பார்த்தேன், நான் பார்த்தது இப்போது எனக்கே தெரியவில்லை.

படம் தொடங்குவதற்கு முன் நிலோஃபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அண்ணா, நேர்ல சொல்லணும்னு இருந்தேன், இருக்குற புட்டேஜ் மொத்தத்தையும் பார்த்துட்டோம், அக்கா ஒரு பிரேம்லகூட இல்ல, கை வருது, குச்சி வருது, ஒரு தடவ தலைமுடி வருது, அவ்ளோதான். தெரியும் என்றேன். ஒரு போட்டோ குடுங்கண்ணா, அந்தத் தூண் வர்ற எடத்துல போட்டுப் பேரு, பொறந்த வருஷம், இறந்த வருஷம் போட்டுடறேன், இல்லன்னா படம் பாக்குறவங்களுக்கு யாரோ ஒரு பொண்ணு டிரம்ஸ் வாசிச்சாங்கன்னு மட்டும்தான் இருக்கும், சாயங்காலத்துக்குள்ள எடிட்ட லாக் பண்ணணும். போனில் அந்த அடையாள அட்டைப் படம் இருந்தது. அனுப்ப எடுத்தேன். படத்தப் பாத்துட்டு அனுப்பறேனே என்றேன், ஏன் என்று தெரியவில்லை. ஒரு எடத்துல பின்னால ஏதோ மேளச் சத்தம் கலந்துடுச்சு, அத எடுத்துரச் சொல்லியிருக்கேன், நீங்க சவுண்ட் ஆளு, நீங்களும் கேட்டுட்டுச் சொல்லுங்க என்றாள். விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்ப்பதுதான் என் பிழைப்பு, மின்விசிறிச் சத்தம், நாய் குரைப்பு, காய்கறிக்காரர் குரல், தேவையில்லாததை எடுப்பதில் கெட்டிக்காரன். சரி என்று தலையாட்டினேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு என் மாமனார் வந்தார், கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை, இந்த இருட்டும் ஏசியும் பிடிக்காதவர்போல் தயங்கினார், நிலோஃபர்தான் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாப்டீங்களா தம்பி என்றார். சாப்ட்டேன் என்றேன். தில்லை போன பிறகு எங்களுக்குள் இருந்த பேச்சு அந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். அதற்கு முன்னால் அதுவும் இல்லை.

தான் டிரம்ஸ் வாசித்தது அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் தில்லை கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். சாகும்வரை சொல்லவில்லை. சொல்லிடேன், இப்ப என்ன பண்ணிடப்போறாரு என்று நான் கேட்டிருக்கிறேன், ஒண்ணும் பண்ணமாட்டாரு, ஓ அப்படியான்னு கேட்டுட்டு வெத்தல போடுவாரு, அத என்னால பாக்க முடியாது என்றாள். அவர் திட்டுவது பற்றிய பயமில்லை அது, அவர் காதில் தன் வாசிப்பு ஒரு பொருட்டாகவே விழாது என்கிற பயம், அதை நான் புரிந்துகொண்டபோது அவள் தூங்கியிருந்தாள், விரல்கள் மட்டும் தலையணையில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தன.

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. காலையிலேயே ஒத்திகைக்குப் போய்விட்டோம், ஏகாம்பரம் ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், ஆடி மாதம், யார் கல்யாணம் வைக்கப்போகிறார்கள், பின்சந்து ஷட்டரைத் தூக்கி உள்ளே போய் இறக்கிவிட்டோம், முன்வாசல் பக்கம் யாரும் போகவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைவாக இருந்தது, கல்யாணம் இல்லாத மாதத்தில் யார் நிரப்புவார்கள், தண்ணீர் குறைந்தால் கிக் டிரம் அடியில் பெரிதாக எதிரொலிக்கும், தில்லை இரண்டு மிதி மிதித்துவிட்டு, இன்னிக்கு நல்லாப் பேசுது என்றாள். நான் கேமராவை வயரில் மாட்டி ஓடவிட்டேன். பெர்னார்ட் மூக்கை உறிஞ்சினான், டேய் எவனோ கேசரி கிண்டுறான்டா. இளஞ்சேரன், உனக்கு எப்பப்பாரு சோத்து நெனப்புதான் என்றான். அப்போது மாடிப்படி வழியாக ஹோமப் புகை இறங்கி வந்தது, அதற்குப் பின்னாலேயே நாயனம், அதற்குப் பின்னாலேயே தவில்.

ஆடியில என்னடா கல்யாணம், பெர்னார்ட் குரல் கீச்சென்றது, நான் காலண்டரப் பாத்தேன்டா, மம்மி சத்தியமா பாத்தேன். படியில் ஏகாம்பரம் இறங்கி ஓடி வருகிறார், பஸ்ஸிலிருந்து நேரே வந்திருக்கிறார், தோளில் பை, காலில் செருப்பில்லை, கத்தவும் முடியாமல் கத்தாமலும் முடியாமல் தொண்டைக்குள்ளேயே கத்துகிறார், அடப்பாவிங்களா, அறுபதாங்கல்யாணம்டா மேல, அறுபதுக்கு ஆடி ஏது ஆவணி ஏது, அவனவன் பொறந்த மாசம் பொறந்த நட்சத்திரம்டா, நேத்து வந்து முதலாளிகிட்ட பேசி முடிச்சிருக்கானுங்க, கார்ல வந்தவனெல்லாம் ஷட்டர் சாவி இல்லாம தெருவுல நிறுத்திட்டு எங்க பரம்பரையவே திட்டிக்கிட்டிருக்கான், எவனாவது அசைஞ்சீங்க, நானே போலீஸக் கூப்புடுவேன். அசையவில்லை. எல்லாரும் டிரம்ஸ் பெட்டிகளின் மேலும் கவிழ்த்த அண்டாக்களின் மேலும் உட்கார்ந்துவிட்டோம், பெர்னார்ட் கிதாரைக் குழந்தையைப்போல் மடியில் அணைத்துக்கொண்டான். தில்லை மட்டும் எழுந்து தூணில் உள்ளங்கையை வைத்தாள். அப்பா என்றாள். எப்படித் தெரியும் என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். எடது கைய இப்படி அடக்கி வாசிக்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா, கை வச்சுப் பாருங்க. வைத்தேன், தூண் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஓர் ஆள் இருப்பதுபோல்.

நான் மிக்சர் மூலைக்குத் திரும்பியபோது நாயனம் நின்றது, நாயனக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றுகிறாரோ என்னவோ, தவில் தனியாகப் போனது. தில்லை ஸ்நேரின் மேல் துண்டை விரித்தாள். விரல் நுனியால், குச்சி இல்லாமல், மேலே போவதற்கு அடியில் சன்னமாக ஒட்டிக்கொண்டு போனாள். ஏகாம்பரம் தலையில் கை வைத்தார். ஆனால் நிறுத்தவில்லை, அவருக்கும் காது இருந்தது. மேலே தவிலில் ஒரு சொல் முடிந்தது, அப்புறம் ஓர் இடைவெளி, அங்கே ஏதோ வரவேண்டும், வரவில்லை, வெறுமையாக விட்டிருந்தது, தில்லை அதில் வாசித்தாள். மறுபடி ஒரு சொல், மறுபடி இடைவெளி, மறுபடி அவள். எத்தனை முறை என்று தெரியாது, நெற்றி வியர்வை மூக்கு நுனியில் நின்றது, அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்பா மூச்சு வாங்குறாரு, அதான் கேப் விடுறாரு, பாவம் வயசாச்சு என்று அப்புறம் என்னிடம் சொன்னாள். பிறகு மேலே யாரோ விரலை ஆட்டிக்கொண்டு, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று கூவினார்கள், மண்டபமே இடிந்து இறங்குவதுபோல் மேளம் கொட்ட, இனி மேலே கேட்காது என்று அவள் துண்டை உருவி எறிந்துவிட்டுக் குச்சியை எடுத்தாள்.

அப்புறம் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். மேளம் இல்லை, அவள் அப்பா வரவில்லை, பெர்னார்ட் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து வாயாலேயே டும்டும் என்று கொட்டினான், தில்லை அவன் முதுகில் ஒன்று வைத்தாள், போடா, எங்களுக்கு ஆடி மாசமே கெட்டிமேளம் கொட்டியாச்சு. அன்று அங்கேயே இருந்தும் அது என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. மண்டபம் இடிந்து அடுக்குமாடி வந்தது, தொட்டி போயிற்று, டிரம்ஸ் எங்கே போனது என்று தெரியாது. அவள் வங்கியில் வேலைக்குப் போனாள், கவுன்ட்டர் கண்ணாடியில் விரல் தட்டாதீங்க மேடம் என்று மேனேஜர் சொன்னதைச் சொல்லிச் சிரிப்பாள். குக்கரை அணைக்கப் போனாள் ஒரு காலையில், விசில் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, நான் போய்ப் பார்த்தேன். தலைக்குள் ஒரு நரம்பு என்றார்கள். மேடையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கெட்டிமேளம் கொட்டும்போது துண்டை உருவி எறிந்தாளே, அந்தத் துண்டு பச்சையா நீலமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது திரையில் தூண். பெர்னார்ட் இல்லை, இளஞ்சேரன் இல்லை, பாட்டில்லை, தூணும் நிர்வாகம் பொறுப்பல்லவும் மட்டும், தூரத்தில் அடிக்கும் மேளம், இதுதான் நிலோஃபர் எடுத்துவிடச் சொன்ன சத்தம், முன்வரிசையில் யாரோ இருமினார்கள், பெர்னார்ட் தன் நாற்காலியில் நிமிர்ந்தான்.  அந்தக் காலையில் கேமராவை ஓடவிட்டது நான்தான், நிறுத்த மறந்ததும் நான்தான். பக்கத்தில் ஏதோ அசைந்தது. என் மாமனாரின் வலது கை விரல்கள் நாற்காலிக் கையின் மேல் ஓடத் தொடங்கியிருந்தன, இடது கை தொடையில், திரையில் சத்தம் வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவர் விரலில் அது வந்துவிடுகிறது, சொல் முடிகிறது, விரல்கள் தூக்கியபடி நிற்கின்றன, நிற்கின்றன, தூணுக்குப் பின்னால் துண்டின் மேல் விரல் நுனிச் சத்தம், டிக்குடிக்கு என்று, அது முடிந்ததும் அவர் விரல்கள் இறங்குகின்றன. நான் திரையைப் பார்க்கவே இல்லை. அந்த விரல்களைத்தான் பார்த்தேன், மூச்சு வாங்குவதற்கு விட்ட இடைவெளி அல்ல அது, ஒவ்வொன்றும் அளந்து வைத்தது. கெட்டிமேளம் வந்து, போய், படம் வேறெங்கோ போய்விட்டது, யாரோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார், எடம் விட்டேன் தம்பி. தெரியுமா உங்களுக்கு, அவதான்னு. இட்லிக் குண்டான்ல பத்து வருஷம் கேட்ட கை, தூண் வழியா ஏறி வந்தா தெரியாம எப்படி, அவ ஒரு சொல்ல முடிக்கிறப்ப கடைசியில ஒண்ண முழுங்கிடுவா, சின்னப்புள்ளையிலேருந்து அப்படித்தான், அத நான் திருத்தவே இல்ல, எங்க திருத்துனேன், தொடாதேன்னுல்ல சொன்னேன். அவர் குரல் மாறவில்லை, யாருக்கோ வழி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனார். கூட வாசிச்ச பக்கத்துத் தவில், அண்ணே எதிரொலி அடிக்குதேண்ணேங்கிறான், ஆமாடா, எதிரொலிதான், பேசாம வாசின்னேன். நின்னு கேக்கலாம்னா மேல ஐயரு கொடத்த வச்சுக்கிட்டு நிக்கிறாரு, இறங்கி வரலாம்னா சபை நிக்குது, அதான் எடம் விட்டேன், நல்லாத்தான் வந்துச்சு, நல்லாத்தான் வாசிச்சா. நீங்க அவகிட்ட சொல்லவே இல்லியே மாமா. அவ என்கிட்ட சொல்லட்டும்னு இருந்தேன், அவ சொல்லிருந்தா நானும் சொல்லிருப்பேன். மஞ்சள் பையிலிருந்து துண்டை எடுத்து, எடுத்த காரியம் மறந்ததுபோல் மறுபடி உள்ளே வைத்தார். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாசிச்சேன், உங்க கல்யாணத்துக்கு நான் வாசிக்கலியே மாப்ளே.

மாப்ளே என்று அவர் அதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. வாசிச்சீங்க மாமா என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அன்னிக்கு கெட்டிமேளம் எங்களுக்கும் சேர்த்துத்தான், அவ அப்படித்தான் சொல்லுவா, எல்லார்கிட்டயும் சொல்லுவா.  அவர் வெற்றிலை போடவில்லை. என் முழங்கை மேல் கையை வைத்தார், விரல்கள் இன்னும் முழுசாக ஓயாமல் இருந்தன.

விளக்குகள் வந்தன, எல்லாரும் கைதட்டினார்கள், பெர்னார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி ஒத்துக்கல மச்சான் என்றான். நிலோஃபர் என்னிடம் வந்தாள், போட்டோ அண்ணா. வேண்டாம்மா, தூண் அப்படியே இருக்கட்டும் என்றேன். பேரு மட்டுமாவது. பேர் போடு, அதுக்கு மேல வேண்டாம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை, அந்த மேளச் சத்தம் மட்டும் என்று ஆரம்பித்தாள். அது மேளச் சத்தம் இல்ல, அது டூயட்டு, தொடாதே என்றேன், சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது, அத எடுக்காதேன்னு சொல்ல வந்தேன் என்று திருத்திக்கொண்டேன். அந்த எடத்த இன்னொரு தரம் போட முடியுமா, நான் சரியாப் பாக்கல. அவள் மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையசைத்தாள், விளக்குகள் மறுபடி அணைகின்றன, பாதிப் பேர் காபிக்குப் போய்விட்டார்கள், நானும் அவரும் உட்கார்ந்திருக்கிறோம்.

மஞ்சள் தூண். நிர்வாகம் பொறுப்பல்ல. மேலே ஒரு சொல், இடைவெளி, அடியில் விரல் நுனி. பிறகு கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று யாரோ கூவ, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு பறந்து வந்து விழுகிறது, பச்சை, ஓரத்தில் சிவப்புக் கோடு, இடது கை மேலே எழுகிறது, குச்சியோடு, கறுப்புக் கயிறோடு, அப்போது மேளத்துக்கு அடியில் ஒரு குரல், சின்னப் பையனுடையது போல, பயந்துபோய், தில்லை, என்கிறது. அது என் குரல். வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன், கூப்பிட்டதே எனக்கு ஞாபகமில்லை. கை காற்றில் நிற்கிறது. அது யோசிக்கவில்லை, கூப்பிட்டால் அவள் திரும்புவாள், தூணுக்குப் பின்னால் அவள் திரும்புகிறாள், மிக்சர் இருக்கும் மூலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மூக்கு நுனியில் வியர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு, நீங்க பாக்குறீங்கல்ல என்பதுபோல், ஆமாம், பார்க்கிறேன், பக்கத்தில் அவர் விரல்கள் என் கையின் மேல் மேளத்தைத் தொடங்கிவிட்டன, எனக்கு அழுகை உடைந்துகொண்டு வருகிறது, வரட்டும், தூண் கலங்குகிறது, சிவப்பு எழுத்துகள் கலங்குகின்றன, கை இறங்குகிறது.